நிமிர்ந்து நிற்க ஒரு கூடாரம்

கூடாரம் ஒன்று வாங்கப் போகின்றேன் என்று நான் அறிவித்த அன்று எங்கள் வீட்டில் மூன்று அபிப்பிராயங்கள் பிறந்தன. "அப்பா, என்னையும் கூட்டிக்கொண்டு போவியளோ?" என்றான் மகன். "நாற்பது வயதுக்கு மேலை இப்பிடி ஆசை வரப்படாது, வந்தாலும் வெளியிலை சொல்லப்படாது" என்றாள் இல்லாள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். சிறிது நேரம் கழித்துக் குசினிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "தறப்பாளுக்கை கிடந்தது காணாதே, தம்பி?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. ஆயினும் கூடாரம் வாங்கினேன். அது சரிவரவில்லை, இன்னொன்று வாங்கினேன். அதுவும் சரிவராமற் போக, மூன்றாவது ஒன்று கடல் கடந்து வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிளில் தனியே போய் எங்கேனும் ஓரிரவு தங்கி வர விரும்பும் இளைஞர்கள் இப்பொழுது பலர் இருக்கின்றார்கள். என் மாணாக்கருள்ளும் சிலர் உண்டு. நான் கொடுத்த விலையை அவர்களும் கொடுக்க வேண்டாமே என்ற நல்லெண்ணத்தினால் இதை எழுதத் துணிந்தேன்.

நாங்கள் குடியிருப்பது ஹெந்தளையில். கொழும்புக்கு வடக்கே, களனி கங்கை கடலிற் கலக்கும் முகத்துவாரத்துக்கு அப்பாலுள்ள ஊர் இது. ஒல்லாந்தர் 1708-ஆம் ஆண்டில் நிறுவிய தொழுநோய் மருத்துவமனையால் இதன் பெயர் பழைய நூல்களிற் பதிந்திருக்கின்றது. ஊரை ஒட்டி ஓடும் ஹமில்டன் கால்வாயை எங்கள் அயலவர் பலர் ஒல்லாந்தர் கால்வாய் என்றே சொல்லுவர். உண்மையில் அது பிரித்தானியர் 1802-இல் வெட்டத் தொடங்கி 1804-இல் முடித்தது. அக்கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. அதன்மேல் உஸ்வெட்டகெய்யாவ, பமுணுகம ஆகிய ஊர்களினூடாக நீர்கொழும்பை நோக்கிப் பழைய தெரு ஒன்று செல்கின்றது. 2013-இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதனால் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. அதிவேகப் பாதையில் செல்பவர்க்குச் சதுப்பு நிலமும் வேலிக் கம்பியும் தெரியும். எனக்குத் தென்னையும், கால்வாயில் நின்று வலை உதறும் மனிதரும், தேவாலய வாசலில் விளையாடும் பிள்ளைகளும் தெரிகின்றார்கள்.

தனியே ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள் ஒருநாளேனும் ஆசிரியராக இருந்து பார்க்க வேண்டும். வருடம் முழுவதும் நாற்பது பேர் இருக்கும் வகுப்பறையில் தொண்டை வறளப் பேசுகின்றவனுக்கு, விடுமுறையில் இரண்டு நாள் வாய் திறவாதிருப்பதைப் போன்ற மருந்து வேறில்லை. என்னிடம் இருப்பதோ 150 சீசீ எஞ்சின் பூட்டிய பழைய வண்டி. பின்னால் இன்னொருவர் ஏறினால் ஏற்றத்தில் அது பெருமூச்சு விடும். ஆகவே வண்டிக்கும் எனக்கும் இவ்விஷயத்தில் கருத்து வேற்றுமை இல்லை.

முதலிற் புறக்கோட்டையில் ஒரு குவிமாடக் கூடாரம் வாங்கினேன். இருவர் படுக்கலாம் என்று உறையில் எழுதியிருந்தது. கூடாரக் கணக்கில் இருவர் என்றால் ஒருவரும் அவருடைய பையும் என்று பொருள் கொள்க. எடை இரண்டரைக் கிலோ. சுருட்டினால் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். வண்டியின் பின்னிருக்கையிற் குறுக்கே வைத்துச் சைக்கிள் ரியூப் வாரினால் இறுக்கிக் கட்டிவிட்டால் அது இருப்பதே தெரியாது. உயரம் 1.1 மீற்றர், நம் கணக்கில் மூன்றரை அடிக்குச் சற்றுக் கூட. நானோ ஐந்தடி எட்டங்குலம்.

வெளியிற் கொண்டு போகுமுன் வீட்டின் பின்வளவிலே பரீட்சித்துப் பார்ப்போம் என்று மே மாதத்தில் ஓரிரவு அதை விரித்தேன். தென்மேற்குப் பருவமழை அவ்வாண்டு காலந் தவறாது வந்தது. நள்ளிரவுக்குப் பின் ஹெந்தளை முழுவதும் இடியும் நீருமாயிற்று. கூடாரம் ஒரு துளியும் ஒழுகவில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். படுத்திருக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தவுடன் ஈரத் துணி உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டது. தலையைக் குனிந்தேன், பிடரியில் ஒட்டியது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, மழை விடும் வரையில் அப்படியே இருந்தேன். அந்த இருப்பு எனக்குப் பழக்கமான இருப்பு என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கியது. இலட்சக்கணக்கானோர் ஒரே திசையில் நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட எங்களுக்கு ஓரிரவும் மறுநாளின் பாதியும் சென்றன. மழை வேறு. எனக்கு அப்போது வயது 14. தம்பிக்கு 11. மீசாலையில் முன்பின் அறியாத ஒருவர் தம்முடைய மாந்தோப்பில் இடந் தந்தார். இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, அதன்மேல் தறப்பாளைப் போட்டு, நான்கு மூலைகளையும் இழுத்துக் கல் வைத்தார் அப்பா. நடுவில் நாலடி உயரம், ஓரத்தில் ஒன்றுமில்லை. அதற்குள் நால்வர், ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தோம்.

ஆண்களுக்கு அது பெரிய துன்பமன்று. நாங்கள் பகலெல்லாம் வெளியில் நின்றோம். அம்மாவின் நிலை வேறு. அவர் அந்த நாலடிக்குள் இருந்து சமைத்தார், குனிந்தபடி கூட்டினார், உட்கார்ந்தபடியே சேலை மாற்றினார். நின்று சேலை கொசுவ வேண்டுமானால் இருட்டும் வரை காத்திருந்து மரத்தின் பின்னே போக வேண்டும். 1996-இல் வீடு திரும்பிய பிறகு நெடுநாள் வரையில் அவர் வாசற்படியில் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே நுழைவார். எங்கள் வீட்டு நிலை ஆறரை அடி உயரம்.

இடம்பெயர்ந்தோருக்குக் கொடுக்கும் உறைவிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலக நிவாரண நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட அளவுகள் பின்னாளில் வந்தன. ஸ்பியர் கைந்நூல் என்று அதற்குப் பெயர். அதன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும். கூரையின் உயர்ந்த பகுதி குறைந்தது 2 மீற்றர், வெப்ப நாடுகளில் 2.6 மீற்றர் இருக்க வேண்டும். அகதியும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எழுத்தில் இருக்கின்றது என்பதை அறிந்தபோது எனக்கு ஒருவகை ஆறுதல் உண்டாயிற்று. 2009-இல் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் இருந்தார்கள். அது 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து வந்த பிள்ளைகள் சிலருக்கு நான் பின்னர் பாடஞ் சொல்லியிருக்கின்றேன். அவர்களிடம் கூடாரத்தைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை.

மறுநாட் காலையில் குவிமாடத்தைச் சுருட்டி மகனிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அது அரண்மனை. கூடாரமென்றால் நான் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மேல்நாட்டார் இதற்குச் சொல்லும் காரணம், சப்பாத்தும் தடித்த காற்சட்டையும் மாட்டுவதற்கு நிற்க இடம் வேண்டும் என்பது. சாரம் உடுக்கின்ற நமக்கு அது ஒரு காரணமே அன்று. சாரத்தை வாயிற் கவ்விக்கொண்டால் நடுத்தெருவிலும் உடை மாற்றலாம்! என் காரணத்தை நான் வெளியிற் சொல்லவில்லை.

இரண்டாவது கூடாரம் அந்த முடிவின் விளைவு. வீடு போலச் சுவர்கள் செங்குத்தாக நிற்கும் வகை. உள்ளே உயரம் ஆறேகால் அடி. கம்புகள் எல்லாம் உச்சியில் ஒரு மூட்டிலே இணைந்திருக்க, குடையை விரிப்பது போல விரித்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்து நிற்கும். கடைவாசலில் அதை விரித்துக் காட்டியபோது மயங்கிவிட்டேன். மடித்தால் நாலடி நீளம் என்பதையும், எடை ஒன்பது கிலோ என்பதையும் வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே அறிந்தேன். பின்னிருக்கையிற் குறுக்கே கட்டினால் இரு பக்கமும் கைப்பிடிகளையும் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. வத்தளைச் சந்தியில் முச்சக்கர வண்டி ஒன்றின் கண்ணாடியை அது மெல்லத் தட்டியது. கண்ணாடி உடையவில்லை. ஆயினும் அந்தச் சாரதி என் குலத்தை விசாரித்த விதத்தை இங்கே எழுத முடியாது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கூடாரத்தைத் தெரிவு செய்யும்போது முதலிற் கேட்க வேண்டியது மடித்த நீளம். துணியை எப்படியும் மடிக்கலாம். கம்பை மடிக்க முடியாது. கம்பின் ஒரு துண்டு எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளம் மூட்டையும் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டடி நல்லது. இரண்டரை அடி வரையிற் பொறுக்கலாம். அதற்குமேல் அது வண்டியின் சுமையாக இராமல் தெருவிலே போகிறவர்களின் சுமையாகிவிடும். எடையும் அப்படியே. பாரம் பின்சில்லின் அச்சுக்குப் பின்னே தள்ளிப் போகப் போக முன்சில்லு இலேசாகி, வளைவில் வண்டி சொற் கேளாது. பாரத்தை இயன்றவரை தாழ்வாகவும் ஓட்டுபவரின் முதுகோடு ஒட்டியும் வைக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளையே உள்ளே விட்டு, அதன் பக்கத்தில் மனிதனும் நிமிர்ந்து நிற்கத்தக்க கூடாரங்களும் உலகில் உண்டு. ரெட்வேர்ஸ், லோன் ரைடர் என்னும் பெயர்களில் விற்கின்றார்கள். ஐந்தாறு கிலோ எடை. விலையோ ஆசிரியன் விசாரிக்கத் தகாத விலை. வண்டிக்கு மழை படாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் என் வண்டி ஹெந்தளையில் பத்து ஆண்டுகளாகக் கடற்காற்றில் நின்று துருவேறிய வண்டி. அதற்கு ஓரிரவு அறை கொடுப்பது அதிகப்படியான உபசாரம். அன்றியும் பெற்றோல் வாடையோடு ஒரே கூரையின் கீழ் உறங்க எனக்கு மனமில்லை. உள்ளே வண்டியை இயக்குவதோ அடுப்பு மூட்டுவதோ உயிருக்கே ஆபத்து. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் வாயு மூடிய துணிக்குள் நிறைந்தால் தூங்குபவர் எழுந்திரார்.

இந்த நிலையில் தம்பி கனடாவிலிருந்து தொலைபேசியிற் பேசினான். என் கூடார ஆராய்ச்சியைச் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "உயரம் எவ்வளவு வேணும், அண்ணை?" என்று மட்டும் கேட்டான். ஜூலையில் ஊர் வந்தபோது பெட்டிக்குள் ஒரு பொதி கொண்டுவந்தான். அதுதான் மூன்றாவது.

இது கூம்பு வடிவமானது. ஒன்பதடிச் சதுரம், நடுவில் ஏழடி உயரம், ஒற்றைக் கம்பு. பழைய வடிவம் இது. வட அமெரிக்கப் பழங்குடியினர் தோலாற் செய்த கூம்பு வீட்டைப் பார்த்துச் சிப்லி என்னும் படையதிகாரி இவ்வகைக் கூடாரம் ஒன்றுக்கு 1856-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். காற்று எத்திசையிலிருந்து அடித்தாலும் சரிந்த பக்கத்தில் ஏறி வழுகிப் போய்விடும். மடித்தால் தலையணை அளவு.

ஆனால் கூம்பில் ஒரு வஞ்சகம் இருக்கின்றது. எங்கள் கல்லூரிக் கணித ஆசிரியர் அதை ஒரு விடைத்தாளின் பின்புறத்திற் கணக்கிட்டுக் காட்டினார். ஏழடி உயரக் கூம்பில் ஐந்தடி எட்டங்குல மனிதன் தலை முட்டாமல் நிற்கக்கூடிய இடம் ஒன்றேமுக்கால் அடிச் சதுரமேயாம்! ஒன்பதடி வீட்டில் எனக்குச் சொந்தம் ஒன்றேமுக்கால் அடி. அதற்கும் நடுவிலே ஒரு கம்பு நிற்கின்றது. நான் நிற்பதா, கம்பு நிற்பதா?

விடை எளிது. நடுவில் ஒரு கம்பை நிறுத்துவதற்குப் பதிலாக இரண்டு கம்புகளை உச்சியிற் சேர்த்து, அடியை அகட்டி, கவிழ்த்த வகரம் போல நிறுத்தினால் நடுவிடம் வெளியாகிவிடும். சாய்வாக நிற்பதனாற் கம்பு ஏழரை அடி இருக்க வேண்டும். அப்போது அடியில் ஐந்தரை அடி விலகி நிற்கும். வத்தளையில் ஒரு பட்டறையில் அலுமினியக் குழாயை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றுள் ஒன்று செருகும்படி செய்வித்தேன். ஒரு கம்புக்கு ஐந்து துண்டு. கம்பும் முளையும் கொசுவுக்கான உள்வலையும் சேர்த்து மொத்தம் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முத்துராஜவெலச் சதுப்பு நிலத்துக்கு அயலில் வாழும் எங்களுக்கு உள்வலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி நாரினாற் செய்த கம்பு மலிவுதான். ஆனால் பாரம், முறிந்தாற் கையிற் சிராயேற்றும். அலுமினியம் வளையும், வளைந்ததை முழங்காலில் வைத்து நிமிர்த்தலாம்.

போர்வீரரின் விற்களை நட்டு, அம்பறாத்தூணிகளை அவற்றிலே தொங்கவிட்டு, கயிறிழுத்துக் கட்டிய இருக்கைகளைப் பற்றி முல்லைப்பாட்டுக் கூறுகின்றது. ஆண்டுதோறும் வகுப்பில் அதைச் சொல்லிக் கடந்துபோகும் நான், பட்டறை வாசலில் கம்பு சீவி நின்ற அன்றுதான் பாசறை கட்டினவனுக்கும் கம்பின் நீளம் ஒரு கவலையாக இருந்திருக்கும் என்று எண்ணினேன்.

துணியைப் பற்றி இரண்டொரு சொல். நீர் தாங்கும் வலிமையை மில்லிமீற்றரிற் குறிப்பார்கள். 1,500 என்று போட்டிருந்தால், துணியின்மேல் ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்பது பொருள். கூரைக்குக் குறைந்தது அவ்வளவு வேண்டும். நிலத்துணிக்கு அதனினும் இருமடங்கு வேண்டும். ஏனெனில் முழங்காலை ஊன்றும்போது ஈரநிலத்தை நாமே அழுத்துகின்றோம். நைலோன் நனைந்தால் இளகித் தொய்யும், வெயிலில் விரைவில் உரமிழக்கும். பொலியெஸ்டர் இவ்விரண்டிலும் மேல். நம் நாட்டுக்கு மிக முக்கியமானது காற்றோட்டம். உறங்குபவனின் மூச்சில் உள்ள ஈரமே இரவில் துணியின் உட்புறத்தில் வியர்வையாக நிற்கும். காலையில் அதைக் கண்டு ஒழுகுகின்றது என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனவர்களை அறிவேன். உச்சியில் ஒரு துவாரமும் அடியிற் சிறிது இடைவெளியும் இருந்தால் அந்தச் சண்டை மிச்சம்.

ஆகஸ்ட் விடுமுறையின் முதல் வாரத்தில் பின்வளவில் மூன்றாவது கூடாரத்தை நிறுத்தினேன். மகன் உள்ளே ஓடினான், வெளியே ஓடினான். இல்லாள் எட்டிப் பார்த்து, "பரவாயில்லை" என்றாள்; அவள் அகராதியில் அது பெரிய பாராட்டு. அம்மா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழைக்கவில்லை. சற்றுப் பொறுத்துத் தாமாகவே வந்தார். வாசற்றுணியை விலக்கி, வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். இரண்டடி வைத்தார். மெதுவாக நிமிர்ந்தார். ஒரு கையை உயர்த்தித் துணியைத் தொட்டுப் பார்த்தார். எட்டியது, ஆனால் எக்க வேண்டியிருந்தது. பிறகு இடுப்பிற் சொருகியிருந்த சேலைத் தலைப்பை எடுத்து உதறி, நின்றபடியே சரிசெய்துகொண்டார்.

"அப்பிடியெண்டால் போயிட்டு வா" என்றார்.

கணித ஆசிரியரின் கணக்கை அன்று அம்மாவுக்காக மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் ஐந்தடி உயரம். அவருக்கு நிற்குமிடம் இரண்டரை அடிச் சதுரத்துக்குச் சற்றுக் கூட வருகின்றது. குள்ளமானவர்களுக்குக் கூம்பு பெரிய வீடு.

நான் போக எண்ணியது உடப்பு. ஹெந்தளைக்கு வடக்கே நூறு கிலோமீற்றரளவு. தேசிய வனப் பூங்காக்களிற் கூடாரமடிக்க வேண்டுமானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் முன்அனுமதி வேண்டும். குறித்த இடங்களில் மட்டுமே தங்கலாம். உடப்பிற்கு ஊராரின் அனுமதி போதும். நம்மவர்க்குக் கூடாரம் புதிதுமன்று. ஆகஸ்ட் திருவிழாவுக்கு மடுவிலும் தலவிலவிலும் குடும்பம் குடும்பமாகக் கூடாரமிட்டுத் தங்குகின்றார்கள். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் காட்டிலே சேலையைக் கட்டி அதன் கீழே உறங்குகின்றார்கள்.

நீர்கொழும்பு வரையில் கால்வாய் எனக்கு வழித்துணை. அப்பால் சிலாபம், முன்னேஸ்வரத்தில் இறங்கி ஈசனை வணங்கினேன். புத்தளத் தெருவில் பத்துளுஓயாவில் இடப்புறந் திரும்பினால் தமிழ் மீனவர் வாழும் உடப்பு. திரௌபதை அம்மன் ஆலயமும் அதன் தீமிதிப்பு விழாவும் அவ்வூருக்குப் புகழ் தந்தவை. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடலுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆனால் நான் போனது சோளகக் காற்று வீசும் காலம். கடல் கொந்தளித்துக் கிடந்தது. கரைவலைத் தொழில் ஓய்ந்திருந்தது. வாடிகள் பல வெறுமையாக நின்றன. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தம் வாடிக்கு அருகில் இடங் காட்டினார்.

நான் இரும்பு முளைகளை மணலில் அடிக்கத் தொடங்கியதும் அவர் வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "இது மண் இல்லைத் தம்பி, மா. இதுக்குள்ளே ஊசி நிக்குமா?" என்றார். காய்ந்த தென்னை மட்டையை முழநீளத் துண்டுகளாக வெட்டினார். துண்டின் நடுவிலே கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்திற் குறுக்காகப் புதைத்து, மணலை மூடி மிதித்து, மேலே இரண்டு வாளி கடல்நீர் ஊற்றினார். பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். என் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தேன், அசையவில்லை. கம்புகளின் அடி மணலில் இறங்காதிருக்க ஆளுக்கொரு சிரட்டை. வண்டியின் பக்கத்தண்டுக்கு ஒரு பலகைத் துண்டு. காசு கொடுத்து வாங்கிய முளைகள் பைக்குள்ளே திரும்பிப் போயின.

காற்று தென்மேற்கு. வாசலை வடகிழக்குக்கு வைத்து, ஒரு மூலையைக் காற்றுக்கு முகமாக நிறுத்தினேன். தட்டையான பக்கத்தைக் காட்டினால் துணி பாயாகிவிடும். பொழுது சாயும் வரையில் எல்லாம் நலம். இரவு ஒன்பது மணிக்கு மேல் காற்று வலுத்தது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும் என்பது விஞ்ஞானப் பாடம். அதை அன்றிரவு செய்முறையிற் கற்றேன். துணி பறை போல அடித்தது. ஒரு கம்பின் மூன்றாவது மூட்டு நழுவத் தொடங்கியது. எழுந்து நின்று, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து, மூட்டைச் செருகி, சைக்கிள் ரியூப் துண்டினாற் சுற்றிக் கட்டினேன். நிற்க முடிந்ததனால் கட்டினேன். ஆனால் நிற்கும் உயரம் இல்லாதிருந்தால் கட்ட வேண்டிய தேவையே வந்திராது என்பதையும் மறைக்கலாகாது. அந்தச் சின்னக் குவிமாடம் அங்கிருந்திருந்தால் அதற்குள் நான் நன்றாக உறங்கியிருப்பேன். சோளகக் காலத்திற் கடற்கரைக்குப் போகும் இளைஞர்கள் தாழ்ந்த கூடாரத்தையே கொண்டு போகட்டும். மரநிழலும் மறைவும் உள்ள இடங்களுக்கு உயர்ந்தது ஏற்றது. எனக்கோ வேறொரு கணக்கு இருந்தது. அதற்காக ஓரிரவுத் தூக்கத்தைக் கொடுத்தேன்.

விடியற்காலையில் காற்றுச் சிறிது தணிந்தது. வாசற்றுணியைக் கட்டிவிட்டு உள்ளே நின்றபடியே வெளியே பார்த்தேன். பெரியவர் தேநீர்க் குவளையோடு வந்து, குனியாமல் உள்ளே நுழைந்து, சுற்றுமுற்றும் பார்த்தார். "நம்ம வாடியை விட உசரம்" என்றார். நான் அவருக்கு ஒன்றும் கொடுக்க முடியவில்லை, கொடுத்ததை வாங்கவில்லை. என் இரும்பு முளைகள் நான்கை மட்டும் ஆடு கட்ட உதவும் என்று வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் கூடாரத்தைக் கொடியிற் போட்டு உலர்த்தினேன். கடலுப்போடும் ஈரத்தோடும் மடித்து வைத்தால் ஒரு வாரத்திற் பூஞ்சணம் பிடித்துத் துணி கெட்டுவிடும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலிற் காயவிட வேண்டும். மாலையில் அதை மடிக்க முயன்றேன். உறைக்குள் அடங்கவில்லை. மறுபடி மடித்தேன், மறுபடியும் வெளியே பிதுங்கியது. உள்ளே காற்று நின்றது.

அம்மா வந்து துணியை என் கையிலிருந்து வாங்கினார். நிலத்தில் விரித்து, இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து, வாசற்பக்கம் கடைசியில் வரும்படி மறுகோடியிலிருந்து முழங்காலால் அழுத்தி அழுத்திச் சுருட்டிக்கொண்டு வந்தார். காற்றெல்லாம் வாசல் வழியே போய்விட்டது. மூட்டை உறைக்குள் இலேசாக நுழைந்தது.

"இதை எங்கை பழகினீங்கள், அம்மா?" என்று கேட்டான் மகன்.

"மீசாலையிலை" என்று சொல்லிவிட்டுக் கொடியிற் கிடந்த மற்றத் துணிகளை எடுக்கப் போனார்.